கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

ஸ்டுட்கார்ட் பக்கம் இரண்டு வருடம் ஆன்சைட்டில் இருந்தேன். சனிக்கிழமை ஆனால் பழைய பொருள் சந்தைக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு நாள், வெல்வெட் தட்டில் பதக்கங்களைப் பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் மூன்று பதக்கங்கள் வரிசையாகத் தைத்த ஒரு பட்டையைக் கையில் எடுத்து விலை கேட்டேன். 70 யூரோ என்றார். யோசித்தேன். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து அதை வாங்கி, சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து, பின்பக்கத் தையலை நறுக் நறுக்கென்று வெட்டத் தொடங்கினார். எனக்குக் கை பதறியது. "ஏன் வெட்டுறீங்க?" என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "சிப்பாய் பட்டைதானே தம்பி. சேர்த்து வித்தா 70. பிரிச்சு வித்தா 90" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பதக்கங்களும் தனித்தனியாகத் தட்டில் கிடந்தன. நைந்த ரிப்பன்களும் பின்பக்கத்துக் கம்பளித் துணியும் காலடியில் இருந்த குப்பைப் பைக்குள் போயின.

இந்தக் கட்டுரை அந்தக் கத்தரிக்கோலுக்கு எதிரானது. அவரைவிட மோசமாக, அதே காரியத்தை அறிவு வேஷத்தோடு செய்கிறவர்களுக்கும் எதிரானது. இடையில் என்னையும் திட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில், இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வீரர்கள் தங்களுக்குக் கிடைத்த பதக்கங்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொள்ள மாட்டார்கள். ஒரு தகட்டில் ரிப்பன்களை மடித்து அடுக்கி, பதக்கங்களைத் தொங்கவிட்டு, பின்னால் துணி வைத்துத் தைத்து, ஒரே ஊசியில் இடது மார்பில் குத்திக்கொள்வார்கள். ஓர்டென்ஷ்னாலெ என்பார்கள். நான் பதக்கப் பட்டை என்றே எழுதுகிறேன். அன்றாடச் சீருடைக்குப் பதக்கம் தொங்காத, வெறும் ரிப்பன் துண்டுகள் மட்டும் வரிசையாக உள்ள சின்னப் பட்டை. அது ரிப்பன் பட்டை. இரண்டையும் அரசாங்கம் தைத்துக் கொடுக்கவில்லை. ராணுவச் சாமான் விற்கும் கடையிலோ தையல்காரரிடமோ நகைக்காரரிடமோ அவரவர் காசு கொடுத்துத் தைத்துக்கொண்டதுதான்.

பதக்கம் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் அச்சாகும் பொருள். 1914-க்கான இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அது எதற்குப் பக்கத்தில், எந்த வரிசையில், எந்த ரிப்பனில், எந்தத் தையலில் இருக்கிறது என்று பார்த்தால் ஒரு மனிதன் தெரியத் தொடங்குகிறான். அந்த வரிசையைத்தான் கத்தரி வெட்டுகிறது.

எனக்கு இந்தப் பைத்தியம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் அப்பத்தாவிடம் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் ஏதாவது திருட்டுத்தனம் செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றால் "சரியான எம்டன்டா நீ" என்பாள். அது ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கொரு கல் பதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் அந்தக் கப்பலுக்கே இரும்புச் சிலுவை கொடுத்தார்கள் என்றும், உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார்கள் என்றும் படித்தபோது, எங்கள் ஊர் வசவு அங்கே பட்டப்பெயர் ஆகிவிட்டதே என்று சிரித்தேன். அந்த மாலுமிகளின் பட்டை ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்றுதான் சந்தைக்குள் நுழைந்தேன். இன்றுவரை பார்க்கவில்லை. வேறு எதையெல்லாமோ பார்த்தேன்.

ஒரு பட்டையைப் படிப்பது எப்படி? 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசு 25 உறுப்பு நாடுகளின் கூட்டு. நான்கு முடியரசுகள், ஆறு பெருங்கோமகன் நாடுகள், ஐந்து கோமகன் நாடுகள், ஏழு சிற்றரசுகள், மூன்று சுதந்திர நகரங்கள். விருது கொடுப்பதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடை. புருஷ்யாவுக்கு இரும்புச் சிலுவை, பவேரியாவுக்கு ராணுவத் தகுதிச் சிலுவை, ஹாம்பர்க், பிரேமன், லூபெக் மூன்றுக்கும் 1915-லிருந்து ஆளுக்கொரு ஹன்ஸா சிலுவை. இந்த மூன்று நகரங்களுக்கும் ரிப்பன் சிவப்பும் வெள்ளையும்தான். கோடு எங்கே, எவ்வளவு அகலம் என்பதில் மட்டும் வித்தியாசம். நூறு வருடம் அலமாரியில் கிடந்து வெளுத்துப்போன பிறகு அதைப் பிரித்துச் சொல்வதற்குள் கண் போய்விடும்.

பொதுவாக இரும்புச் சிலுவை முதலில் வரும். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது ஓரம். அதற்கடுத்துச் சொந்த நாட்டின் விருது, பிறகு மற்ற நாடுகளின் விருதுகள். ஆகவே இரண்டாவது இடத்தில் இருப்பது பல நேரங்களில் ஆளின் ஊரைச் சொல்லிவிடும். இரும்புச் சிலுவைக்கு அடுத்து ஹாம்பர்க் சிலுவை இருந்தால் ஆள் ஹாம்பர்க்காரனாக இருக்கலாம், அல்லது 76-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் மாதிரி அந்த ஊரின் பெயர் தாங்கிய படையில் இருந்திருக்கலாம். ரிப்பன் கறுப்பாகவும் ஓரம் வெள்ளையாகவும் இருந்தால் களத்தில் நின்றவன். வெள்ளையாக இருந்து ஓரம் கறுப்பானால் களத்துக்குப் பின்னால் வேலை பார்த்தவன். குறுக்கு வாள் இருக்கிறதா, இல்லையா? இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் வேர் கண்டிஷன்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் மிஞ்சுகிற ஆட்களின் எண்ணிக்கை குறையும். நாலைந்து அரிய விருதுகள் சேர்ந்தால் ஒரே ஒரு ஆள் மிஞ்சிவிடுவதும் உண்டு.

இல்லாத பதக்கமும் பேசும். 1934 ஜூலை 13 அன்று ஹிண்டன்பர்க் முதல் உலகப்போருக்கான கௌரவச் சிலுவையை அறிவித்தார். களத்தில் நின்றவர்களுக்கு வாளோடு, மற்றவர்களுக்கு வாள் இல்லாமல், இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி வகை. வாள் உள்ளது மட்டும் 60 லட்சத்துக்கும் மேல். ஆனால் தானாக வந்துவிடாது, விண்ணப்பம் போட வேண்டும். ஆகவே முதல் போர்ப் பதக்கங்கள் உள்ள பட்டையில் இந்தச் சிலுவை இருந்தால் அது 1934-க்குப் பிறகு தைத்தது. இல்லையென்றால் அதற்கு முன்னால் தைத்ததாக இருக்கலாம், ஆள் அதற்குள் செத்திருக்கலாம், விண்ணப்பம் போடாமல் இருந்திருக்கலாம். ஒரு பொறியாளனுக்கு இதைவிடச் சுவாரஸ்யமான புதிர் கிடையாது. ரிப்பன்களை அடையாளம் காண ஒரு புரோகிராம்கூட எழுதினேன். ஆயிரக்கணக்கில் படம் கொடுத்துப் பழக்கினேன். 1939-இன் இரும்புச் சிலுவை ரிப்பனில் நடுவில் சிவப்பு, இரு பக்கமும் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு. போர்த் தகுதிச் சிலுவையின் ரிப்பனில் அது அப்படியே தலைகீழ், நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு. ஒரு குழந்தைக்குச் சொன்னால் புரிந்துவிடும். என் புரோகிராம் மங்கலான படம் வந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு லென்ஸை எடுத்துக்கொண்டேன்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

பிரிட்டிஷ் ராணுவம் முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரனின் பெயரையும் எண்ணையும் பொறித்துக் கொடுத்தது. ஜெர்மன் பதக்கங்களில் பெயர் கிடையாது. ஆகவே இந்தச் சேகரிப்பாளர் உலகத்தில் பெயர் கண்டுபிடிப்பதுதான் உச்சகட்ட வெற்றி. பெயர் தெரிந்துவிட்டால் விலை பல மடங்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அச்சான பட்டியல்களை வைத்து. ராணுவ வரிசைப் பட்டியல்கள், 1926-இல் வந்த பழைய ராணுவத்தின் கௌரவப் பட்டியல், விருது பெற்றவர்களின் அல்மனாக்குகள். இவற்றில் யார் பெயர் இருக்கும்? அதிகாரிகள் பெயர் இருக்கும். சிப்பாய் பெயர் இருக்காது, ஹவில்தார் பெயர் இருக்காது. பட்டியலில் தேடினால் பட்டியலில் இருப்பவன்தானே கிடைப்பான்! தெருவிளக்குக்குக் கீழே மட்டும் சாவியைத் தேடிவிட்டு, சாவிகள் எல்லாம் விளக்குக்கு அடியில்தான் விழுகின்றன என்று முடிவு கட்டுவதுபோல.

விளைவு என்ன? 'அடையாளம் காணப்பட்ட' பட்டைகள் அநேகமாக எல்லாம் அதிகாரிகளுடையவை. ஒரு கேப்டனின் பட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. இரும்புச் சிலுவை, கௌரவச் சிலுவை, ஒரு நீண்டகாலச் சேவைப் பதக்கம் என்று மூன்று மட்டும் உள்ள சிப்பாயின் பட்டைக்கு உதிரிபாகம் என்று பெயர். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அந்தச் சொல்லையே காதால் கேட்டிருக்கிறேன். அந்த உதிரிபாகங்கள் எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள்? போலிப் பட்டை தைக்கிறவனிடம். பதக்கம் அசல், ரிப்பன் அசல், பின்துணிகூட ஒரு பழைய கோட்டிலிருந்து வெட்டிய அசல். சேர்மானம் மட்டும் பொய். பட்டியலில் ஒரு மேஜரைப் பிடித்து, அவருக்கு எந்தெந்த விருது என்று பார்த்து, அதே வரிசையில் தைத்து, பிறகு 'கண்டுபிடித்தேன்' என்று அந்த மேஜரின் பெயரையே சூட்டி விற்கலாம். புறஊதா விளக்கடியில் பிடித்தால் போருக்குப் பிந்தைய நூல் நீலமாக ஒளிரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டி யாராவது அன்போடு இந்தக் காலத்துச் சோப்புத்தூள் போட்டு ரிப்பனை அலசியிருந்தால் அசலும் ஒளிரும். அசலான பழைய நூலையே தேடி வாங்கித் தைத்திருந்தால் போலியும் ஒளிராது. பெயருக்கு அலைகிற இந்த வெறிதான் போலிக்கு முதல் முதலீடு. ஒரு மேஜரைத் தயாரிக்க மூன்று சிப்பாய்களை வெட்டுகிறார்கள்.

"சிப்பாயைத்தான் கண்டுபிடிக்கவே முடியாதே, அப்புறம் அந்தப் பட்டையை வைத்து என்ன செய்ய?" என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். கோபம் வருவது இங்கேதான். 1945 ஏப்ரல் 14 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாம் நகரில் குண்டு போட்டன. அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தது. புருஷ்ய ராணுவத்தின் ஆள்வாரி ஆவணங்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. பவேரியாக்காரனின் தாள் மியூனிக்கில் இருக்கிறது. வூர்ட்டம்பர்க்காரனின் தாள் ஸ்டுட்கார்ட்டில், நான் தினமும் டிராமில் தாண்டிப் போன இடத்தில், இருக்கிறது. ஆனால் பொமரேனியாவிலோ சைலீசியாவிலோ பிறந்த ஒரு புருஷ்யச் சிப்பாய்க்குத் தாள் இல்லை. அவன் இந்த உலகத்தில் இன்னது செய்தான், இன்ன வருஷம் வரை உயிரோடு இருந்தான் என்பதற்கு மிச்சம் இருக்கும் ஆவணம் அந்தப் பட்டை ஒன்றாகவே இருக்கலாம். குண்டுக்குத் தப்பியதை நகவெட்டிக் கத்தரிக்கோல் முடித்துவைக்கிறது, 20 யூரோ லாபத்துக்கு.

இப்போது என் பங்கு. நான் முதன்முதலில் வாங்கிய பட்டை மூன்று பதக்கங்கள் கொண்டது. வெள்ளை ரிப்பனில் கறுப்பு ஓரத்தோடு இரும்புச் சிலுவை, வாள் இல்லாத கௌரவச் சிலுவை, கடைசியில் பேரரசுக் காலத்துச் சேவைப் பதக்கம். அழுக்காக இருந்தது. ஊருக்கு வரும்போது அப்பாவிடம் காட்ட வேண்டும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசை. பதக்கங்களைத் தனித்தனியாகத் துடைத்து வரிசையாக ஒட்டினால் அழகாக இருக்குமென்று தோன்றியது. தையலைப் பிரித்தேன். ஆமாம், நானேதான். பின்துணியில் ஒரு காகித லேபிள் ஒட்டியிருந்தது. தைத்த கடையின் பெயரும் ஊரும் அதில் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் தேய்த்தேன். நாலைந்து துணுக்காகச் சுருண்டு வந்துவிட்டது. அதில் ஒரு துணுக்கில் 'பர்க்' என்று முடியும் நான்கு எழுத்து மட்டும் படிக்க முடிந்தது. ஜெர்மனியில் எத்தனை ஊர் 'பர்க்' என்று முடிகிறது என்று நினைக்கிறீர்கள்? நம்மூரில் 'பட்டி' என்று மட்டும் படித்துவிட்டு ஊரைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

அது யாராக இருந்திருப்பார் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். களத்துக்குப் பின்னால் நின்றவர். ரயில்வேயா, ஆஸ்பத்திரியா, கிடங்குக் கணக்கா? 1934-க்குப் பிறகு விண்ணப்பம் எழுதிப் போடும் அளவுக்கு உயிரோடும் ஆர்வத்தோடும் இருந்தவர். அந்த லேபிள் இருந்திருந்தால் ஊர் தெரிந்திருக்கும். இப்போது என்னிடம் மூன்று பதக்கங்கள் இருக்கின்றன. சுவரில் மாட்டவில்லை.

ஆக, பட்டையை வெட்டக் கூடாது என்கிறேன். இதோடு நிறுத்திக்கொண்டால் சேகரிப்பாளர்கள் எல்லாரும் கை தட்டுவார்கள். நிறுத்தப் போவதில்லை. வெட்டாமல் முழுசாக வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பாதிதான் படிக்கிறார்கள்.

"எங்களுக்கு அரசியல் கிடையாது, வரலாறு மட்டும்தான்." இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! என்னிடம் இன்னொரு பட்டை இருக்கிறது. அதில் தென்மேற்கு ஆப்பிரிக்கா பதக்கம் ஒன்று தொங்குகிறது. கைசர் வில்ஹெல்ம் 1907 மார்ச் 19 அன்று ஏற்படுத்தியது. இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களின் எழுச்சியை அடக்கியதற்காக. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் முகம். பின்பக்கம் கைசரின் முதலெழுத்தும், வெற்றி பெற்ற போராளிகளுக்கு என்ற வாசகமும். களத்தில் நின்றவர்களுக்கு வெண்கலம், மற்றவர்களுக்கு எஃகு. கலந்துகொண்ட சண்டையின் பெயர் பொறித்த சின்னத் தகடுகளை ரிப்பனில் கோத்துக்கொள்ளலாம். தகடு இருந்தால் விலை கூடும். என்னுடையதில் ஒரு தகடு இருந்தது. அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், பெருமையோடு. தகட்டில் இருந்த சொல் ஓமாஹேகே.

அன்றிரவுதான் ஓமாஹேகே என்றால் என்ன என்று தேடினேன். அது ஒரு வறண்ட மணல்வெளி. 1904 ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் சண்டையில் தோற்ற ஹெரேரோ மக்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆடுமாடுகளுமாக, அந்த வெளிக்குள் ஓடினார்கள். ஜெனரல் ஃபான் ட்ரோதாவின் படை பின்னாலேயே போய் நீர்க்கிணறுகளை மறித்துக்கொண்டது. அக்டோபர் 2 அன்று அவர் ஆணை போட்டார். ஜெர்மன் எல்லைக்குள் அகப்படும் எந்த ஹெரேரோவும், துப்பாக்கி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவான். பெண்களும் குழந்தைகளும் விரட்டப்படுவார்கள் அல்லது அவர்கள்மீதும் சுடப்படும். ஏறக்குறைய 80,000 பேராக இருந்த ஒரு மக்களில் 65,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பகுதி தாகத்தால். மிஞ்சியவர்கள் முகாம்களில். ஜெர்மன் அரசு இதை இனப்படுகொலை என்ற சொல்லால் ஒப்புக்கொண்டது 2021 மே மாதத்தில்.

அந்த விரட்டலில் பங்கெடுத்ததற்கான தகடு அது. ரசீது. நான் அதற்குக் கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன்.

ஏல விவரணைகளை எடுத்துப் பாருங்கள். தகடு அரியது, பழுப்பேறிய நிறம் அருமை, ஊசி அசல், லேசான அந்துப்பூச்சி அரிப்பு. அந்துப்பூச்சி ரிப்பனில் இரண்டு நூலைத் தின்றது வரை எழுதுகிற மனிதருக்கு, தகட்டில் பொறித்திருக்கும் ஊரில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுத இடமில்லை. அது அரசியலாம். ஒரு பொருளின் மேல் எழுதியிருக்கும் ஒரே சொல்லின் அர்த்தத்தைச் சொல்வது எப்படி அரசியல் ஆகும்? சொல்லாமல் விடுவதற்குத்தானே கவனமாக முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது?

இன்னொன்று. 1941-42 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் நின்றவர்களுக்கான பதக்கம். 1942 மே 26 அன்று ஏற்படுத்தியது. சிவப்பு ரிப்பன், நடுவில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஜெர்மன் சிப்பாய்களே அதை 'உறைந்த இறைச்சி விருது' என்று கேலி செய்தார்கள். இந்தக் கேலிப் பெயரைச் சொல்லாத சேகரிப்பாளர் கிடையாது. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், பாவம் அந்தப் பையன்கள் குளிரில் விறைத்தார்கள் என்பார்கள். விறைத்தார்கள்தான். அதே குளிர்காலத்தில் ஜெர்மன் கைகளில் இருந்த சோவியத் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 20 லட்சம் பேர், 1942 பிப்ரவரிக்குள், பட்டினியிலும் குளிரிலும் செத்தார்கள். ரிப்பன் ஒன்றுதான். அதன் பின்னால் இருக்கிற இறைச்சி யாருடையது என்பதில் மட்டும் ஞாபகம் பிசகுகிறது.

போர்த் தகுதிச் சிலுவையும் அப்படித்தான். பாலம் கட்டிய பொறியாளனுக்கும் அதே சிலுவை, வதை முகாமில் வேலை பார்த்த எஸ்.எஸ். ஆட்களுக்கும் அதே சிலுவை. ரிப்பனைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. முடியாது என்பதை எழுதத்தானே வேண்டும்? 'தெரியாது' என்பதும் ஒரு தகவல். எங்கள் தொழிலில் நல்-ஐ பூஜ்யம் என்று எழுதிவிட்டால் வேலையே போய்விடும். இங்கே எல்லா நல்-ஐயும் 'மரியாதைக்குரிய வீரர்' என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

மேற்கு ஜெர்மனி அரசாங்கமே இதில் ஒரு வேலை செய்தது. 1957 ஜூலை 26 சட்டத்தின்படி போர் விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாத புது வடிவத்தில் அணிந்துகொள்ளலாம். இரும்புச் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள் வந்தன. ஒரே மனிதனுக்கு 1942-இல் ஒரு பட்டை, 1957-க்குப் பிறகு இன்னொரு பட்டை. சர்ச் அண்ட் ரீப்ளேஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாடு தன் ஞாபகத்தை எப்படித் தைத்துக்கொண்டது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் '57 வகை' என்றாலே முகம் சுளிப்பார்கள், அது மலிவு, அசல் இல்லை என்பார்கள். ஜோடியாகக் கிடைத்தாலும் பழையதை மட்டும் எடுத்துக்கொண்டு புதியதைத் தூக்கிப் போடுவார்கள்.

மறுபக்கத்திலும் எனக்குச் சண்டை உண்டு. ஆபீஸில் ஒரு நண்பன், நல்லவன், நிறையப் படிப்பவன். "என்னடா, நாஜி சாமானெல்லாம் வாங்கி வைக்கிற? உருக்கிப் போடு" என்றான். முதலில், என்னிடம் இருப்பதில் பெரும்பாலானவை நாஜிகளுக்கு முந்தியவை என்று தொடங்கினேன். அது கோழைத்தனமான பதில் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓமாஹேகே தகடும் நாஜிகளுக்கு முந்தியதுதானே? அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் வேறு. போட்ஸ்டாமில் ஏற்கெனவே ஒரு முறை எல்லாம் உருகியது. அதனால் யாருக்கு லாபம்? நான் இன்னது செய்யவில்லை, அங்கே இருக்கவே இல்லை என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல விரும்பியவனுக்கு லாபம். பட்டை மிஞ்சியிருந்தால் அது அவனைப் பொய்யன் ஆக்கும். 'நான் போனது ரயில்வே வேலைக்கு' என்று சொன்ன தாத்தாவின் மேசை இழுப்பறையில் வாட்டர்பெர்க் என்ற தகடு கிடந்தால் என்ன செய்வது?

அவனிடம் இதையும் சொன்னேன். நாஜிக் காலத்துக் கௌரவச் சிலுவையை யூதர்களும் வாங்கினார்கள். முதல் உலகப்போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜெர்மன் யூதர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் 1934-இலும் 35-இலும் மற்றவர்களைப் போலவே விண்ணப்பம் போட்டுச் சிலுவையைப் பெற்றுக்கொண்டார்கள், ஹிட்லரின் பெயரால் வழங்கப்படுவதாக அச்சடித்த சான்றிதழோடு. நாங்களும் இந்த மண்ணுக்காக ரத்தம் சிந்தியவர்கள் என்று காட்ட அவர்களிடம் அந்தக் காகிதம்தான் இருந்தது. 1942 ஜனவரியில் வான்சே கூட்டத்தின் குறிப்பில், முதல் வகுப்பு இரும்புச் சிலுவை போன்ற போர் விருது பெற்ற யூதர்களையும் கடுமையாகக் காயம்பட்ட போர்வீரர்களையும் முதியோர் கெட்டோவுக்கு அனுப்புவது என்று எழுதியிருக்கிறது. அதற்குத் தெரேசியன்ஷ்டாட்டை வைத்திருந்தார்கள். அங்கிருந்து பல ரயில்கள் ஆஷ்விட்ஸுக்குப் போயின. பதக்கம் ரயிலை மாற்றிவிட்டது, போய்ச் சேரும் இடத்தைப் பலருக்கும் மாற்றவில்லை.

இப்போது சந்தைத் தட்டுக்குத் திரும்பிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை ரிப்பனில் 1914 இரும்புச் சிலுவை, பக்கத்தில் வாளோடு கௌரவச் சிலுவை. அதற்கு மேல் எதுவும் இல்லை. 1935-ஐத் தாண்டி ஒரு ரிப்பன்கூடச் சேரவில்லை. இதுதான் சந்தையிலேயே மலிவான பட்டை. இதற்குத்தான் உதிரிபாகம் என்று பெயர். இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இதை அணிந்தவன் வயதாகி வீட்டில் நிம்மதியாகச் செத்த ஒரு பவேரிய விவசாயியா, கட்சியில் சேர்ந்து தெருவில் கண்ணாடி உடைத்தவனா, 1942-இல் ரயிலேறிய ஒரு பெர்லின் துணி வியாபாரியா? பட்டை சொல்லாது. பின்துணியில் கடை லேபிள் இருந்தால் ஊராவது தெரியும். ஊர் தெரிந்தால் யாராவது என்றாவது தேடலாம். கத்தரிக்கோல்காரர் அந்தத் துணியைத்தான் குப்பைப் பையில் போட்டார்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, வச்சிரு. ஆனா விக்காதே" என்றான்.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்மேற்கு ஆப்பிரிக்காத் தகடுகளை முழுவரிசையாகச் சேர்த்துவரும் ஒருவர். ஓமாஹேகே ஒன்றுதான் அவருக்குப் பாக்கியாம். என்னிடம் இருப்பது யார் மூலமோ தெரிந்திருக்கிறது. பட்டை வேண்டாம், மற்ற பதக்கங்கள் சாதாரணம், தகடு மட்டும் போதும், ஓரத்தில் இரண்டு தையலைப் பிரித்தால் உருவிவிடலாம், திரும்பத் தைத்தால் யாருக்கும் தெரியாது என்று விளக்கமாக எழுதியிருந்தார். நான் முழுப் பட்டைக்கும் கொடுத்ததைவிட அதிக விலை. விற்பதற்கில்லை என்று பதில் எழுதினேன். கூடவே, ஓமாஹேகேயில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தேன்.

மறுநாளே பதில் வந்தது. விலையை 100 யூரோ கூட்டியிருந்தார்.